மலைச்சரிவுச் சைக்கிளுக்குத் தட்டைப் பெடலைத் தேர்ந்தெடுத்தல்

கரடுமுரடான சரிவில் வேகமாக இறங்கும்போது பாதம் நழுவாமல் நிற்பதே முதல் தேவை என்பதால், காலணியைப் பூட்டிக்கொள்ளாத தட்டைப் பெடலில் எடையைவிட அதன் பரப்பையும், காலணியின் அடியைப் பற்றிப் பிடிக்கும் சிறு முளைகளையும் (pins) முதலில் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 100 முதல் 110 மில்லிமீட்டர் அகலம் பெரும்பாலோருக்குப் போதுமானது. நடுப்பகுதி சற்றே குழிந்திருந்தால் பாதம் நன்கு பதியும்.

முளைகள் கழற்றி மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். அவை மறுபக்கத்திலிருந்து திருகப்பட்டிருந்தால், பாறையில் மோதி முனை நசுங்கிய பின்னும் எளிதாகக் கழற்ற முடியும். நீண்ட முளைகள் பிடிமானத்தைக் கூட்டும். கால் தவறினால் முன்னங்காலையும் கிழிக்கும் என்பதால் காப்புறை அணிவது நல்லது.

மெல்லிய பெடல் பாறைகளில் இடிபடுவது குறைவு. நைலான் பெடல்கள் மலிவானவை, அவற்றைத் தாழ்வாக மதிப்பிட வேண்டியதில்லை. அச்சுக்கு மட்டும், இலேசான டைட்டானியத்தைவிட, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகே என் பரிந்துரை. பொருத்துகையில், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதைக் கவனிக்கவும்.