ஒரு கடதாசியில் 20 படங்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளை மடுவத்துக்கு, அதாவது சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் இடத்துக்கு, பட அட்டைகள் செய்து தரக் கேட்டார்கள். கிளிப் ஆர்ட் படங்கள் நிறையவே சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பிரிண்ட் எடுத்ததில் கடதாசியும் மையும்தான் கரைந்தன. அப்புறம் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளைக் கணினியில் போட்டேன். சொந்தப் பாவனைக்கு இலவசம். படங்களைச் சின்னதாகக் காட்டும் தம்ப்நெயில் பார்வையில் வேண்டிய படங்களைத் தெரிவு செய்து, ஃபைல் மெனுவில் காண்டாக்ட் ஷீட், அதாவது பல படங்களை அடுக்கிய ஒரே பக்கம், உருவாக்கச் சொன்னால் போதும். 4 நிரல், 5 நிரை.

முதல் பிரிண்ட் மங்கல். பக்கத்தின் அளவைச் சின்னதாக விட்டிருந்தேன். அகலம் 2480, உயரம் 3508 பிக்சல் என்று மாற்றினேன். ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அதுதான் கணக்கு. இப்போது கொழுந்துக் கூடையின் பின்னல்கூடத் தெளிவாக விழுந்தது. மிகச் சிறிய படங்களை மட்டும் விலக்கினேன், பெரிதாக்கினால் அவற்றின் ஓரம் பிசிறடிக்கும்.