தகட்டின் அடியில் ஒளிந்திருக்கும் விரிசலைப் பிடிக்க சென்சாரைத் தயார் செய்வது எப்படி?

ஒரு காயிலில் (கம்பிச்சுருள், இதுதான் நம் சென்சார்) மாறுமின்னோட்டம் விட்டு அலுமினியத் தகட்டின் மேல் வைத்தால், தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் ஓடும். குறுக்கே விரிசல் இருந்தால் அந்த ஓட்டம் சுற்றிக்கொண்டு போகும், அளவீடு மாறும். இவ்வளவுதான் சங்கதி. மேல்பக்க விரிசல் சுலபமாக மாட்டிவிடும், அடிப்பக்கத்தில் இருப்பதுதான் தண்ணி காட்டும்.

முதலில் ஒரு மாதிரித் தகடு வேண்டும். 5 மி.மீ. அலுமினியத்தில் ஹேக்சாவால் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு போட்டு, வெட்டு கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

அப்புறம் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண். பலரும் காயிலில் கம்பிச் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அதிர்வெண்ணைத் தொடவே மாட்டார்கள். 10 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் அலுமினியத்தில் 0.8 மி.மீ. இறங்குவதற்குள் மின்னோட்டம் மேற்பரப்பில் இருந்ததில் 37 சதவீதமாகிவிடும், நம் வெட்டுக்கு மேலேயோ 3 மி.மீ. உலோகம் இருக்கிறது, பிறகு எங்கே தெரியும்? 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அந்த ஆழம் 2.6 மி.மீ. ஆகிறது. ரொம்பவும் இறக்காதீர்கள், காயிலில் தூண்டப்படும் மின்னழுத்தமும் கூடவே விழும். (இரும்புத் தகட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் காந்தத்தன்மையால் ஆழம் பல மடங்கு சுருங்கிவிடும்.)

சரி, உண்மையான தலைவலிக்கு வருவோம். ஒற்றைக் காயிலை வைத்துத் தேய்த்தபோது என் கை லேசாக நடுங்கியதற்கே அளவீட்டைக் காட்டும் திரையில் கோடு எகிறியது, விரிசல் சிக்னல் அதற்குள் காணாமல் போனது. தகட்டுக்கும் காயிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவு ஆட்டம் காட்டும். இதற்கு மருந்து, மின்சாரம் செலுத்தும் காயிலுக்கு அடியில் இரண்டு சின்னக் காயில்கள்: ஒரே கம்பி, ஒரே சுற்று எண்ணிக்கை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மின்னழுத்தம் மற்றதைக் கழிக்கும்படி எதிராக இணைக்க வேண்டும். இடைவெளி மாறினால் இரண்டுமே ஒன்றுபோல மாறும், வெளியே ஒன்றும் வராது. விரிசல் வந்தால் முதலில் ஒன்று மட்டும் அதை உணரும், கோடு ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்.

இதைச் சோதிக்க ஒரு தாள் போதும். விரிசல் இல்லாத இடத்தில் வைத்து, கோட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு, அடியில் தாளை நுழையுங்கள். கோடு நகர்ந்தால் இரண்டு காயிலும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம், ஒரு சுற்றைக் கூட்டியோ பிரித்தோ திரும்பப் பாருங்கள். எனக்கு இதற்கே ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

இன்னொன்று, இரண்டு காயிலுக்கும் அடியில் நீளவாக்கில் ஓடும் விரிசலும் இதே கழித்தலில் மறைந்துவிடும். ஆகவே ஒருமுறை தேய்த்து முடித்ததும் சென்சாரை 90 பாகை திருப்பி, குறுக்குவாட்டிலும் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.