புற்றுநோய்ச் செல்லின் பசி: நாம் செய்யும் தவறுகள்

உடலுக்குள் குளுக்கோஸ் எங்கே அதிகம் சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் படத்தில் கட்டி பளிச்சென்று ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, அது சர்க்கரையைத் தின்று வளர்கிறது என்று எண்ணி வரும் குடும்பத்தார், வீட்டில் முதலில் செய்வது சர்க்கரை டப்பாவை ஒளித்துவைப்பதுதான். கஞ்சியில் போட்ட வெல்லம் நிற்கிறது. பிறகு சோறும் குறைகிறது. மூன்றாவது கீமோவுக்குள் நோயாளி பாதி ஆளாகிவிடுகிறார். அன்பினால் நேர்கிற தவறு என்பதாலேயே இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தில் ஒளிர்வது நாம் உண்ட சர்க்கரை அன்று. ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைத் தாங்கிய, குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளை இரத்தக்குழாயில் செலுத்தி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமைதியாகப் படுக்கவைத்த பிறகே படம் எடுக்கிறார்கள். செல்லுக்குள் நுழைந்த அப்பொருளோடு ஹெக்சோகைனேஸ் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுவதால், அது மேற்கொண்டு சிதையாமலும் வெளியேறாமலும் அங்கேயே தங்கிவிடுகிறது. மூளையும் இப்படித்தான் ஒளிரும். காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுவும் ஒளிரும். புரோஸ்டேட் புற்றுநோய் பல வேளைகளில் மங்கலாகவே தெரியும். ஆகவே ஒளிர்வதெல்லாம் புற்று என்று முடிவுகட்டக் கூடாது.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதும் சரியன்று. உணவு குறைந்தால் கல்லீரல் தசைப் புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்தும் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் அதன் அளவைக் காக்கிறது. கட்டியோ குளுக்கோஸோடு குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பு அமிலங்களையும் எடுத்துக்கொள்கிறது. கரைவது நோயாளியின் தசைதான். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன கட்டுப்பாட்டைத் தொடர வேண்டும் என்பது வேறு செய்தி.

கல்லூரிக் குறிப்புகளில்கூட இன்னும் நீடிக்கும் தவறு ஒன்று உண்டு. புற்றுக் கட்டிகள் ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுவதை 1920களில் ஜெர்மனியில் கண்டறிந்த உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க், செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதானதே அதற்குக் காரணம் என்று 1956இலும் வாதிட்டார். அவர் கண்டது உண்மை; சொன்ன காரணம் பெரும்பாலான புற்றுநோய்களுக்குப் பொருந்தவில்லை. ஒரு குளுக்கோஸிலிருந்து இந்த வழியில் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி இரண்டு மட்டுமே கிடைக்கிறது, முழுமையாக எரித்தால் 30 அளவில் கிடைக்கும் என்னும்போது, இது ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாகப் பிரியப்போகும் செல்லுக்கு எரிபொருளைப் போலவே கட்டுமானப் பொருளும் வேண்டும்: டிஎன்ஏவுக்கு ரைபோஸ், சவ்வுக்குக் கொழுப்பு, புரதத்துக்கு அமினோ அமிலங்கள். குளுக்கோஸின் கார்பனில் ஒரு பகுதி அந்த வேலைக்குத் திரும்புகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் பழுதாகிக் கிடப்பதில்லை; டிஎன்ஏவின் காரங்களை உருவாக்கத் தேவையான அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தைத் தருவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆக்சிஜனேற்றத்தால் செல்லுக்கு நேரும் சேதத்தைத் தடுக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது அடுத்த தவறு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994இல் வெளியானபோது, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல் ஏற்கெனவே ஆக்சிஜனேற்ற நெருக்கடியின் விளிம்பில் வாழ்கிறது. கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் அந்த நெருக்கடியை மிகுதியாக்கியே அதைக் கொல்கின்றன. நாம் தரும் மாத்திரை யாருக்குக் கேடயமாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, கட்டியைப் பட்டினி போடும் எண்ணமே வீண் என்று ஒதுக்குவதும் தவறுதான். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் எல்-அஸ்பராஜினேஸ் என்ற மருந்து பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அந்தப் புற்றுச் செல்களால் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு உற்பத்தி செய்ய இயலாது. மருந்து இரத்தத்தில் உள்ள அஸ்பராஜினைச் சிதைத்ததும் அவை தவிக்கின்றன. மற்ற செல்கள் பெரும்பாலும் அதைத் தாமே உற்பத்தி செய்துகொள்வதால் தாக்குப்பிடிக்கின்றன; உடலே இப்படி அதைத் தயாரித்துவிடுவதால்தான், இதே விளைவைச் சாப்பாட்டைக் குறைத்துப் பெற முடிவதில்லை.