டிஸ்டிங்ஷன் கைநழுவும் இடங்கள்: பி.இ. கடைசி ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் செமஸ்டர் தொடங்கியதும் நன்றாகப் படிக்கும் மாணவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், எனக்கு டிஸ்டிங்ஷன் வருமா?" இதற்கு ஆசிரியர் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு கால்குலேட்டரும், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான ரெகுலேஷனும் (பல்கலைக்கழக விதிமுறைத் தொகுப்பு) இருந்தால் பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமலேயே கடைசி ஆண்டைத் தொடங்குபவர்கள்தான் அதிகம். டிஸ்டிங்ஷன் தவறிப்போன மாணவர்களில் பெரும்பாலோர் படிக்காமல் தவறவிட்டவர்கள் இல்லை. விதி தெரியாமலும், எந்த இடத்தில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்க்காமலும் தவறவிட்டவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அட்டானமஸ் கல்லூரிகளுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் தனி விதிகள் உண்டு, அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெகுலேஷன் 2021-இன்படி 'ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்' வாங்க சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து, பத்துக்கு எடுத்த சராசரி) 8.50-க்குக் குறையக் கூடாது. எல்லாப் பாடங்களையும் முதல் முறை எழுதியபோதே பாஸ் செய்திருக்க வேண்டும். வருகைப்பதிவு குறைந்ததால் தேர்வு எழுத விடாமல் தடுக்கப்பட்டிருக்கக் கூடாது, அதுவும் எந்த செமஸ்டரிலும். 8.49 எடுத்தவருக்கும், 9.2 எடுத்து இரண்டாம் செமஸ்டரில் ஒரே ஒரு அரியர் வைத்தவருக்கும் கிடைப்பது வெறும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்.

இரண்டாவது ரகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாண்டில் கணக்குப் பேப்பரில் அரியர் விழுந்து, அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்திருந்தால் டிஸ்டிங்ஷன் என்ற கதவு மூடிவிட்டது. இதைக் கடைசி ஆண்டு முடிந்து சான்றிதழ் வந்த பிறகு தெரிந்துகொண்டு உடைந்துபோகும் பிள்ளைகளைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும். முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சிஜிபிஏவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. மேற்படிப்பு விண்ணப்பத்திலும் வேலை விண்ணப்பத்திலும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

கணக்குப் போடாமல் இலக்கு வைப்பது

கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை. பாடத்தின் கிரேடு புள்ளியை அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சிஜிபிஏ. மொத்தப் படிப்புக்கு 160 கிரெடிட், அதில் கடைசி ஆண்டுக்கு 26 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ரெகுலேஷன் 2021-இல் பல துறைகளில் கணக்கு இதற்குப் பக்கத்தில்தான் வரும். உங்கள் துறையின் சரியான எண்கள் சிலபஸின் முதல் பக்கங்களிலேயே இருக்கும். ஆறு செமஸ்டர் முடிந்தபோது 134 கிரெடிட் முடிந்திருக்கிறது. 8.50 தொட மொத்தம் 1360 (160 × 8.50) புள்ளிகள் வேண்டும்.

இப்போது சிஜிபிஏ 8.40 என்றால் கையில் இருப்பது 1125.6 புள்ளிகள். மீதி 234.4-ஐ 26 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். அதாவது சராசரி 9.02. எல்லாவற்றிலும் ஏ பிளஸ் வாங்கினாலும் 9 தான் வரும், எனவே ஒரு பாடத்திலாவது ஓ கிரேடு (10 புள்ளி) கட்டாயம். 8.30-இல் இருப்பவருக்குத் தேவையான சராசரி 9.53. கடைசி ஆண்டின் கிரெடிட்டில் பாதிக்கு மேல் ஓ வாங்கி, மிச்சத்தில் ஏ பிளஸுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் எட்டலாம். 8.20-இல் இருப்பவருக்கோ 10.05 தேவைப்படுகிறது. எல்லாப் பாடத்திலும் ஓ எடுத்தாலும் முடியாது.

இந்த மூன்று பேரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, "இந்த வருஷம் நல்லா பண்ணா டிஸ்டிங்ஷன் வந்துடும்" என்று ஒரே மாதிரி நம்பிக்கொண்டிருப்பார்கள். 8.20-இல் இருப்பவர் உண்மையைத் தெரிந்துகொள்வது நல்லது. எட்டவே முடியாத எண்ணுக்காக இரவு விழிப்பதை விட்டு, அந்த நேரத்தை மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வுக்கோ நல்ல புராஜெக்டுக்கோ கொடுக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 8.70-இல் இருப்பவர் தான் பத்திரமாக இருப்பதாக நினைப்பார். அதே கணக்கைப் போட்டால் கடைசி ஆண்டில் அவருக்குத் தேவை 7.47. பிளேஸ்மென்ட் கிடைத்துவிட்டது என்று தளர்ந்து, பி பிளஸ்ஸும் (7) ஏவுமாக (8) வாங்கி 7.4 சராசரியில் முடித்தால் அவரும் கீழே இறங்கிவிடுகிறார். என் அனுபவத்தில், மனசுக்கு மிகவும் வலிக்கும் இழப்பு இதுதான், ஏனென்றால் கொஞ்சம் கவனம் இருந்திருந்தாலே போதும்.

புராஜெக்ட்டை ஒரு சடங்காக நினைப்பது

எட்டாம் செமஸ்டரில் பல துறைகளில் வகுப்பே இருக்காது, புராஜெக்ட் மட்டும்தான். அதனால் அது ஓய்வு செமஸ்டர் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. கிரெடிட்டைப் பாருங்கள்: புராஜெக்ட்டுக்கு 10. மேலே போட்ட அதே கணக்கில், ஒரு 3 கிரெடிட் பேப்பரில் ஓ போய் ஏ பிளஸ் வந்தால் சிஜிபிஏ 0.02 அளவுக்குக் குறையும். புராஜெக்ட்டில் அதே ஒரு படி இறங்கினால் 0.06 குறையும். மூன்று தியரி பேப்பரில் சறுக்குவதும் புராஜெக்ட்டில் ஒரு படி சறுக்குவதும் ஒன்று. இன்னொன்று, புராஜெக்ட்டுக்கு மறுமதிப்பீடு கிடையாது. போட்டது போட்டதுதான்.

இத்தனை கனமான ஒன்றை சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஏதோ ஒரு புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்குவது பெரிய தவறு. அது நேர்மையில்லை என்பது முதல் காரணம், அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, அது மதிப்பெண்ணும் தராது. ஒரே புரோகிராம் கோடு, ஒரே பிளாக் டயகிராம் பல கல்லூரிகளுக்குப் போயிருக்கும். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வரும் எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) அதை ஏற்கனவே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். "இந்த அல்காரிதத்தை ஏன் எடுத்தீர்கள், வேறு எதையாவது முயன்று பார்த்தீர்களா?" என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கியவரிடம் பதில் இருக்காது. சொந்தமாகச் செய்தவர், முயன்று தோற்ற வழிகளைச் சொன்னாலே அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும்.

தலைப்புத் தேர்விலும் இதே சிக்கல்தான். பெயரில் 'டீப் லேர்னிங்', 'பிளாக்செயின்' என்று இருந்தால் எடுபடும் என்று நினைத்து, தகவல் திரட்டவே முடியாத ஒன்றை எடுத்துவிடுவார்கள். இரண்டாம் ரிவ்யூவில் காட்ட எதுவும் இருக்காது. சிறிய தலைப்பாக இருக்கட்டும், ஆனால் நீங்களே அளந்து பார்த்த எண்கள் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி ஹாஸ்டலின் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சென்சார் வைத்து, ஒரு மாத அளவீடுகளை எடுத்து, எங்கே எவ்வளவு வீணாகிறது என்று காட்டினால், அதை எந்த எக்ஸ்டர்னலும் லேசாக ஒதுக்க மாட்டார்.

குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெருங்கிய நண்பர்கள் என்பதற்காகவே மூன்று நான்கு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் ஒருவர் உழைக்க மற்றவர்கள் ரிவ்யூ அன்று மட்டும் சட்டையை இன் செய்துகொண்டு வருவார்கள். உழைத்தவருக்கும் அது நல்லதில்லை: மற்றவர் திணறும்போது மொத்தக் குழுவின் மேலும் சந்தேகம் விழும். யார் எந்தப் பகுதி என்று ஜனவரியிலேயே எழுதி கைடிடம் (வழிகாட்டும் ஆசிரியர்) கொடுத்துவிடுங்கள். கைடைப் பார்க்காமல் இருப்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய தவறு. ரிவ்யூவுக்கு முந்தைய நாள் போய் நிற்காமல் வாரம் ஒருமுறை போய், கால் பக்கம் வேலையானாலும் காட்டுங்கள்.

கடைசியாக, ரிப்போர்ட்டைக் குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் புராஜெக்ட்டில் ஃபெயில் என்றே கொள்ளப்படும், அடுத்த செமஸ்டரில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். பைண்டிங் கடையில் கூட்டம் என்பது ஏற்கப்படும் காரணம் இல்லை.

பாஸ் ஆவதற்கான படிப்பையே தொடர்வது

முதல் இரண்டு ஆண்டுகளில் சீனியர்கள் சொல்லிக்கொடுக்கும் உத்தி ஒன்று உண்டு: ஐந்து யூனிட்டில் கடினமான ஒன்றை விட்டுவிடு, மற்ற நான்கை நன்றாகப் படி. பாஸ் ஆக அது போதும். டிஸ்டிங்ஷனுக்குப் போதாது. கேள்வித்தாள் அமைப்பை நினைத்துப் பாருங்கள். பார்ட் ஏயில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பார்ட் பியில் 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பார்ட் சியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. பார்ட் பியில் 'இது அல்லது அது' என்ற தேர்வு பொதுவாக ஒரே யூனிட்டுக்குள்தான் இருக்கும். ஒரு யூனிட்டை விட்டால் 13-உம், பார்ட் ஏயில் 4-உம் சேர்ந்து 17 போய்விடும். பார்ட் சியும் அந்த யூனிட்டிலிருந்தே வந்துவிட்டால் நூற்றுக்கு 68-இலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

ஏழாம் செமஸ்டரில் ஓப்பன் எலெக்டிவ் அதிகம் என்பதால் இந்த ஆபத்து கூடுகிறது. வேறு துறைப் பாடம், பழக்கமில்லாத ஆசிரியர், நோட்ஸும் எளிதில் கிடைக்காது. "ஸ்கோரிங் பேப்பர்" என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பி எடுப்பதைவிட, சிலபஸைத் திறந்து ஐந்து யூனிட்டில் உங்களுக்கு ஏற்கனவே பரிச்சயமானவை எத்தனை என்று பாருங்கள்.

இன்டர்னலையும் சொல்லிவிடுகிறேன். தியரிக்கு 40 மதிப்பெண் இன்டர்னல் (கல்லூரியிலேயே போடுவது), 60 செமஸ்டர் தேர்வு. இரண்டு அசெஸ்மென்ட்களிலும் 60 விழுக்காடு எழுத்துத் தேர்வுக்கு, 40 விழுக்காடு அசைன்மென்ட், செமினார் போன்ற தனிநபர் வேலைக்கு. ஆக, மொத்தம் நூறில் 16 மதிப்பெண், பலரும் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் அந்த அசைன்மென்ட்டில் இருக்கிறது.

பிளேஸ்மென்டும் வருகைப்பதிவும்

வேலை கிடைத்தவர்களைச் சில நிறுவனங்கள் படிப்பு முடியும் முன்பே பயிற்சிக்கு அழைக்கும். நல்ல வாய்ப்புதான், போங்கள். ஆனால் வாய்மொழியாக "சரி, போய்ட்டு வாப்பா" என்று சொன்னதை நம்பிப் போகாதீர்கள். துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், அந்த நாட்கள் வருகைப்பதிவில் எப்படிக் கணக்கிடப்படும் என்ற தெளிவும் கையில் இருக்க வேண்டும். வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு 65 வரை சலுகை உண்டு. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, டிஸ்டிங்ஷனும் அத்தோடு முடிந்தது.

கேட் எழுதுபவர்கள் காலண்டரை இப்போதே பாருங்கள். அந்தத் தேர்வு பிப்ரவரியில் வரும், புராஜெக்ட் ரிவ்யூக்களும் அதே நாட்களை ஒட்டித்தான் வரும். டிசம்பர் விடுமுறையிலேயே புராஜெக்ட்டின் அடிப்படை வேலையை முடித்துவைத்தால் பிப்ரவரியில் மூச்சு விடலாம்.

உடம்பு முடியாதபோது செய்யும் தவறு

இது பலருக்குத் தெரியாத விஷயம். தேர்வு நேரத்தில் டெங்குவோ, டைபாய்டோ, வீட்டில் ஒரு இழப்போ வந்துவிட்டால் மாணவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். காய்ச்சலோடு போய் அரைகுறையாக எழுதுகிறார்கள், அல்லது போகாமலே இருந்துவிடுகிறார்கள். போகாமல் இருந்தால் எழுதி ஃபெயில் ஆனதாகவே கணக்கு. அரியர் வந்துவிடும், டிஸ்டிங்ஷன் போய்விடும்.

இதற்கென்றே விதிமுறையில் 'வித்டிராயல்' என்ற வழி இருக்கிறது. தகுந்த காரணமும் சான்றும் காட்டி, தேர்வு எழுதுவதிலிருந்து முறையாக விலகிக்கொண்டு அடுத்த முறை எழுதலாம். அப்படி விலகியது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது, டிஸ்டிங்ஷன் தகுதியும் கெடாது. ஆனால் படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவைதான் இதைப் பயன்படுத்தலாம். அரியர் பேப்பருக்குப் பொருந்தாது. விண்ணப்பத்துக்குக் காலக்கெடுவும் உண்டு.

உடம்பு முடியாமல் படுத்திருப்பவர் இதையெல்லாம் தானே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எனவே அப்பா அம்மாவிடமோ அறைத் தோழரிடமோ இப்படி ஒரு வழி இருக்கிறது என்று இப்போதே சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே யாராவது ஒருவர் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு போன் செய்து, மருத்துவச் சான்றோடு விண்ணப்பத்தை முதல்வர் வழியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.