வடைப்பருப்பில் சாம்பல் கறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் புரட்டாசிக்குக் கடலைப்பருப்பு வடை கட்டாயம். மாவு பிசையும் கிச்சன்எய்ட் மிக்சரில் இணைப்புகளைச் செருகும் முன்துளை 1930களிலிருந்து அளவு மாறாதது. அதனால் வேறொரு கம்பெனியின் அலுமினிய அரவை இணைப்பும் எளிதாக நுழைந்தது. ஓடவிட்டதும் ஆடியது, பருப்பிலும் சாம்பல் கறை.

ஆட்டம் சீக்கிரம் நின்றது: இணைப்பின் முளை துளை விளிம்பின் வெட்டில் உட்காரும்வரை திருப்பி, பக்கத் திருகை இறுக்கினேன்.

கறைதான் பெரிய விஷயம். இணைப்பின் வாயை மூடும் முன்வளையத்தை மிகவும் முறுக்கினால், உள்ளே சுழலும் கத்தி, பருப்பு வெளிவரும் துளைத்தட்டில் உரசி உலோகத்தூள் விழும், கையிறுக்கம் போதும். கத்தியின் தட்டையான பக்கம் துளைத்தட்டை ஒட்டியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம், அந்த சோப்பில் அலுமினியம் கருத்துவிடும். கையால் கழுவி, ஈரம் துடைத்து, சமையல் எண்ணெய் தடவினேன். முதல் பிடிப் பருப்பை அரைத்துக் கொட்டிவிட்டேன். மனசு கேட்கவில்லைதான், ஆனால் சாமிக்குப் படைப்பதாயிற்றே. அடுத்த பிடி மஞ்சளாகவே வந்தது.