கூண்டுச் சண்டைக்கு நீங்களே விலை போடுவது எப்படி

2015 நவம்பரில் மெல்போர்னில் கூண்டுச் சண்டையில் ரௌண்டா ரௌசியும் ஹாலி ஹோமும் மோதிய அன்று நான் ரௌசி மேல் பணம் வைத்திருந்தேன். அதுவரை அவர் தோற்றதே இல்லை. நூறு வைத்தால் லாபமாகச் சில்லறைதான் வரும் என்ற விலை. ஆனாலும் சும்மா கிடக்கிற பணம், எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். இரண்டாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஹோமின் இடது கால் ரௌசியின் கழுத்தோரம் வந்து விழுந்தது. போன பணம் பெரிதில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: ஹோம் குத்துச்சண்டையில் உலகப் பட்டங்கள் வென்றவர், தள்ளி நின்று அடிப்பவர் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததை விலையோடு வைத்துப் பார்க்கவே இல்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டு கற்றுக்கொடுத்தது.

முதலில் ஒன்று. ஆன்லைனில் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம். அனுமதி இருக்கும் இடத்திலும் உரிமம் பெற்ற தளத்தில், வயது வந்தவர்கள் மட்டும்தான். உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் எல்லாவற்றையும் நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவாரசியம் ஒரு துளிகூடக் குறையாது. நான் பாதிச் சண்டைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

இனி ஆட்ஸ், அதாவது பந்தயத் தளம் போடும் விலை. ஒருவருக்கு 1.40 என்று போட்டிருந்தால், 100 வைத்து ஜெயித்தால் வைத்ததும் சேர்த்து 140 திரும்பும். அமெரிக்கத் தளங்களில் இதே விலை −250 என்று இருக்கும். 100 லாபம் பார்க்க 250 வைக்க வேண்டும் என்று பொருள். எதிராளி 3.10, அதாவது +210. இப்போது 1-ஐ இந்த எண்களால் வகுங்கள். 1.40-க்கு 71.4 சதவீதம், 3.10-க்கு 32.3. கூட்டினால் 103.7. நூற்றுக்கு மேல் இருக்கும் அந்த 3.7தான் கடைக்காரரின், அதாவது பந்தயத் தளத்தின் கூலி. அதைக் கழித்துவிட்டால், அதாவது இரண்டையும் 1.037-ஆல் வகுத்தால், சந்தை உண்மையில் சொல்வது 68.9-க்கு 31.1.

இதற்குப் பிறகு 'யார் ஜெயிப்பார்' என்று கேட்பதில் பயனில்லை. 1.40 விலைக்காரர் இதே சண்டையை நூறு முறை போட்டால், அந்த 71.4-ஐத் தாண்டி 72 முறையாவது ஜெயிப்பாரா என்று கேளுங்கள். 70 என்று தோன்றினால், அவர்தான் ஜெயிப்பார் என்று முழுதாக நம்பினாலும் பந்தயம் வேண்டாம். இது மண்டைக்குள் ஏற எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அதனால் என்னிடம் ஒரு கறாரான பழக்கம் உண்டு. ஆட்ஸைப் பார்ப்பதற்கு முன்பே என் சதவீதத்தை நோட்டில் எழுதிவிடுவேன், பேனாவில். ஆட்ஸைப் பார்த்துவிட்டு எழுதினால் நம் எண் அதன் பக்கம் நைசாக நகர்ந்துவிடும்.

அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? சண்டை எங்கே நடக்கப்போகிறது என்பதில் தொடங்குவேன். நின்று அடிப்பவரும் கீழே இழுப்பவரும் மோதினால், நின்று அடிப்பவர் இதற்கு முன் யாருடைய டேக்டவுனை, அதாவது கீழே வீழ்த்தும் முயற்சியைத் தடுத்தார் என்று பாருங்கள். தடுத்தது 80 சதவீதம் என்று புள்ளிவிவரம் பெருமையாகக் காட்டும். அந்த எண்பதும் மல்யுத்தம் தெரியாதவர்களிடம் சேர்த்ததாக இருக்கலாம். பழைய சண்டைகளைப் போட்டுப் பாருங்கள், அதிலும் அவர் தோற்றவற்றை. கீழே விழுந்தவர் எப்படி எழுகிறார்? கூண்டுச் சுவரில் சாய்ந்து கைகளை விடுவித்து எழுகிறாரா, அவசரத்தில் முதுகைக் காட்டி எழுகிறாரா? முதுகைக் காட்டுபவர், தரையில் பிடித்து நெரிக்கத் தெரிந்த நல்ல ஜியு-ஜிட்சுக்காரரிடம் கழுத்தையும் சேர்த்துத் தானம் செய்துவிடுவார். வெற்றி தோல்விக் கணக்கில் இது எதுவும் தெரியாது.

அவகாசத்தையும் பாருங்கள். யாரோ காயப்பட்டு விலக, கடைசி நேரத்தில் வந்து நிற்பவருக்கு மூச்சு மூன்றாவது ரவுண்டு வரை வருமா என்பது சந்தேகம். இதைச் சொன்னால் உடனே நேட் டியாஸ் பெயரை எடுப்பார்கள். உண்மைதான், 2016 மார்ச்சில் அவர் 11 நாள் அவகாசத்தில் வந்து கானர் மெக்ரெகரை இரண்டாவது ரவுண்டில் கழுத்தை நெரித்துத் தோற்கடித்தார். ஆனால் அந்தச் சண்டை 170 பவுண்டில் நடந்தது. வழக்கமாக 155-க்கு இறங்கும் டியாஸுக்கு, எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்றவைக்கும் வேலையே இல்லை. குறைந்த அவகாசத்தில் எடையும் குறைக்க வேண்டியிருந்தால் கதை வேறு.

எடை பார்க்கும் வீடியோவைத் தவறவிடாதீர்கள். வழக்கமாக அது சண்டைக்கு முந்தின நாள் காலையில் நடக்கும். பட்டச் சண்டை இல்லாவிட்டால் ஒரு பவுண்டு சலுகை உண்டு, 155 பிரிவில் 156 வரை போகலாம். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, தராசில் ஏறவே ஒருவர் தோளைப் பிடிப்பவருக்கு நான் போட்ட எண்ணில் சில சதவீதம் குறைப்பேன். எடை தவறியவர் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். முயன்று முடியாமல் போனவர் உள்ளுக்குள் வெறுமையாக இருப்பார். நடுவழியில் 'போதும்' என்று தண்ணீர் குடித்தவர் எதிராளியைவிடத் தெம்பாக வருவார். இரண்டுக்கும் தராசு காட்டும் எண் ஒன்றாக இருக்கலாம்.

மூன்று ரவுண்டா ஐந்தா என்பதும் விலையை மாற்றும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நிகழ்ச்சியின் முக்கியச் சண்டையும் பட்டச் சண்டையும் ஐந்து ரவுண்டு. 2022 ஆகஸ்டில் ஒரு பட்டச் சண்டையில் லியான் எட்வர்ட்ஸ் மூன்று தீர்ப்பாளர்களின் தாளிலும் பின்தங்கியிருந்தார். கடைசி ரவுண்டு முடிய 56 விநாடி இருக்கும்போது அவர் கால் எதிராளி கமாரு உஸ்மானின் தலையில் பட்டது, அத்தோடு ஜெயித்துவிட்டார். அது மூன்று ரவுண்டுச் சண்டையாக இருந்திருந்தால் அந்த உதைக்கு நேரமே இருந்திருக்காது.

தீர்ப்பு வரை போகும் என்று நினைத்தால் தீர்ப்பாளர்கள் எதற்கு மதிப்பெண் தருகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பலன் தந்த அடியும் பிடியும்தான் முதலில். அதில் இருவரும் சமமாக நின்றால்தான் முன்னேறித் தாக்கியதைப் பார்ப்பார்கள்; அதுவும் சமமென்றால் கூண்டின் நடுவை யார் பிடித்து வைத்திருந்தார் என்பது. முன்னால் நடந்துகொண்டே அடி வாங்குகிறவர் மேல் நான் தொலைத்த பணத்துக்கு ஒரு மிதிவண்டி வாங்கியிருக்கலாம்.

யார் ஜெயிப்பார் என்பது தவிர, எப்படி முடியும், எத்தனை ரவுண்டு போகும் என்றும் பந்தயம் உண்டு. 'இரண்டரை ரவுண்டுக்கு மேல்' என்றால் மூன்றாவது ரவுண்டு தொடங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாவதில் 2 நிமிடம் 30 விநாடி தாண்ட வேண்டும். சமனில் முடிந்தால், செல்லாது என்று அறிவிக்கப்பட்டால் பணம் என்னாகும் என்பதையும் அந்தத் தளத்தின் விதிகளில் முன்கூட்டியே படித்துவிடுங்கள். சண்டை நடக்கும்போதே கட்டும் பந்தயத்தை நான் தொடுவதில்லை. என் திரையில் தெரிவது ஏற்கெனவே சில விநாடி பழையது.

கூட்டுப் பந்தயம்தான் கடைக்காரருக்குச் செல்லப்பிள்ளை. 1.40 விலையுள்ள நால்வரை, எல்லாரும் ஜெயித்தால்தான் பணம் என்று கோத்தால் 3.84 என்று காட்டும். பார்க்க ஆசையாக இருக்கும். மேலே போட்ட 68.9 சதவீதத்தை நான்கு முறை பெருக்குங்கள், 22.5தான் வரும். தனியாக ஒருவர் மேல் 100 வைத்தால் சராசரியாக மூன்றரை போகும். நால்வரைச் சேர்த்தால் பதின்மூன்றரை போகும். கூலியும் சேர்ந்தே பெருகுகிறது.

காரணம் தெரியாமல் கடைசி நேரத்தில் விலை சரசரவென்று ஒரு பக்கம் சாய்ந்தால் நான் ஒதுங்கிவிடுவேன். 2022 நவம்பரில் ஒரு சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு, முதல் ரவுண்டிலேயே முடியும் என்று பணம் குவிந்தது. 67 விநாடியில் முடிந்தது. தோற்றவர் காலில் காயத்தோடு ஏறியிருக்கிறார். விசாரணை, தடை எல்லாம் பின்னால் வந்தன. அன்று வெளியிலிருந்து அலசி எண் போட்டவர்களுக்குக் கால் விஷயம் தெரியாது.

தொகைக்கு ஒரு வரி போதும்: முழுதாகப் போனாலும் வாடகைக்குக் கை வைக்காத பணத்தை ஒதுக்கி, அதில் ஒரு சண்டைக்கு ஒரு சதவீதம், தோற்ற இரவில் இரட்டிப்பு கிடையாது. அந்த வரியை மீறத் தோன்றினாலோ, வைத்த தொகையை வீட்டில் சொல்லத் தயங்கினாலோ, தளத்தில் கணக்கை மூடும் வசதி இருக்கும், அன்றே பயன்படுத்துங்கள்.

இனி நோட்டு. ஐந்து கட்டம்: சண்டை, என் சதவீதம், ஆட்ஸ் சொன்ன சதவீதம், ஒரே வரியில் காரணம், முடிவு. மதிப்பெண் போடுவது சுலபம். நான் 0.70 என்று எழுதியவர் ஜெயித்தால் தவறு 0.30, அதன் வர்க்கம் 0.09. தோற்றால் 0.70-இன் வர்க்கம், 0.49. எல்லாச் சண்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டு 0.50 என்று எழுதினால் சராசரி 0.25 வரும், அதைவிடக் குறைய வேண்டும். ஆட்ஸுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். நூறு சண்டைக்குப் பிறகும் உங்கள் சராசரி ஆட்ஸைவிட மோசமாக இருந்தால் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம். என்னுடையது முதல் வருடம் முழுக்க மோசமாகத்தான் இருந்தது.

காரணக் கட்டத்தை மட்டும் என் மனைவி அவ்வப்போது எடுத்துப் படிப்பாள். 'இந்த முறை விடமாட்டார்' என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவில் சுழித்து வைத்திருக்கிறாள். மொத்தம் பதினொன்று. ஜெயித்தது மூன்று.