தங்க நானோதண்டு, 808 நானோமீட்டர் லேசர்: புற்றுச் செல் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்க நானோதண்டுகள் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தங்கத் தண்டுகள்) லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்த வெப்பத்தால் புற்றுச் செல்களைக் கொல்லும் என்பதே இந்தச் சோதனையின் அடிப்படை. ஆனால் செல் வளர்ப்புத் தட்டில் லேசர் பட்ட குழியில் புற்றுச் செல்கள் செத்துக் கிடந்தால், கொன்றது தங்கத்தின் வெப்பம்தான் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பல நேரம் கொன்றது சி.டி.ஏ.பி.யாக இருக்கும். தண்டுகள் வளரச் சேர்க்கும் இந்தச் சோப்புத் தன்மையுள்ள பொருள் செல்சவ்வைக் குலைத்துவிடும். வளர்ப்புக் கரைசலில் இது 0.1 மோலார் இருக்கும். பல செல்வகைகளுக்கு அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே, 10 மைக்ரோமோலாரே, ஆபத்து.

மையவிலக்கியில் இரண்டு முறை சுழற்றி மேல்நீரை நீக்குங்கள். பிறகு தயோல் முனையுள்ள (தங்கத்தில் ஒட்டும் கந்தக முனையுள்ள) பெக், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால், சேர்த்து ஓரிரவு கலக்கவிட்டு மறுபடி கழுவுங்கள். பெக் சேர்க்கும் முன்பே மூன்று, நான்கு முறை கழுவினால் தண்டுகள் திரண்டுவிடும். கரைசல் சாம்பல் நிறமாகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் சுழற்றவும் கூடாது. ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே சி.டி.ஏ.பி. படிகமாகித் தண்டுகளோடு அடியில் இறங்கும். 30 டிகிரியில் தெளியவிட்டே சுழற்றுங்கள். கடைசிக் கழுவலின் மேல்நீரை மட்டும் செல்களுக்கு இட்டுப் பாருங்கள். அவை செத்தால் கழுவியது போதவில்லை. இந்த ஒரு குழியை விட்டுவிட்டுச் செய்யும் சோதனையை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது லேசர் கணக்கு. '1 வாட்' என்று மட்டும் எழுதினால் பொருளில்லை. ஒளிப்புள்ளியின் விட்டம் 1 செ.மீ. என்றால் சதுர செ.மீ.க்கு 1.27 வாட், 5 மி.மீ. என்றால் 5.1 வாட். கருவி காட்டும் எண்ணை விட்டுவிட்டு, தட்டு இருக்கும் அதே உயரத்தில் பவர் மீட்டரை வைத்து அளங்கள். இந்த அலைநீளத்தில் தோலுக்கான பாதுகாப்பு வரம்பு சதுர செ.மீ.க்குச் சுமார் 0.33 வாட்தான். 980 நானோமீட்டர் லேசர் என்றால் தண்ணீரே ஒளியை உறிஞ்சிச் சூடாகும். தங்கம் இல்லாமல் லேசர் மட்டும் பட்ட குழி கட்டாயம் வேண்டும்.

எத்தனை செல்கள் உயிரோடுள்ளன என்பதை நிறத்தின் அடர்த்தியால் காட்டும் எம்.டி.டி. சோதனையை 570 நானோமீட்டரில் படிக்கிறோம். தங்கமும் அங்கே ஒளியை உறிஞ்சுவதால், செத்த செல்லும் உயிரோடிருப்பதாகத் தோன்றும். செல் இல்லாமல் தண்டு மட்டும் உள்ள குழியின் அளவைக் கழியுங்கள்.

ஒளி-ஒலிப் படம் (லேசர் துடிப்பு பட்டு எழும் ஒலியலையால் எடுக்கும் படம்) எடுத்த பிறகு அதே தண்டுகளால் சூடேற்றுவோர், படத்துக்கு முன்னும் பின்னும், தண்டுகள் எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று காட்டும் உறிஞ்சல் வரைவை எடுக்க வேண்டும். வலுவான நானோவினாடித் துடிப்புகள் தண்டை உருண்டையாக்கிவிடும். வரைவில் 800 நானோமீட்டரை ஒட்டிய உச்சம் சரிந்திருந்தால், 808 லேசரில் தண்டு சரியாகச் சூடேறாது.

எலிக்குப் போகும்போது கட்டியை மட்டும் அளப்பது பெருந்தவறு. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், செலுத்திய நானோதுகள்களில் கட்டியை எட்டிய இடைநிலை அளவு 0.7 சதவீதமே. கல்லீரலையும் மண்ணீரலையும் எடுத்து, அவற்றில் தங்கிய தங்கத்தை அளங்கள்.